முன்னால் நின்றது போதும், பின்பக்கம் வாருங்கள்!

சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன். அங்கே செம்புச் சிற்பங்களை முன்னால் நின்று ரசித்து முடித்ததும் அடுத்ததற்கு நகர்ந்துவிடாதீர்கள். சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள். குனிந்தோ, எட்டியோ, கழுத்தை வளைத்தோ, எப்படியாவது அதன் முதுகைப் பார்த்துவிடுங்கள். கூத்தெல்லாம் அங்கேதான் நடக்கிறது!

முன்பக்கம் தெரிவது மெருகேறிய செம்பும் பித்தளையும். பின்பக்கத்தில் சுத்தியல் விழுந்த குழிகள் அம்மைத் தழும்பாய்க் கிடக்கும். பற்றவைத்த இடங்களில் உலோகம் உருகி வழிந்து அப்படியே உறைந்திருக்கும். நெருப்புப் பட்ட தடம் ஊதாவும் கறுப்புமாய்ப் படர்ந்திருக்கும். தகட்டைக் கத்தரித்த ஓரம் சில இடங்களில் மழுங்காமலேகூட இருக்கும். செய்தவரின் கை எங்கே அவசரப்பட்டது, எங்கே நின்று யோசித்தது, எங்கே கோபத்தோடு ஓங்கி ஒன்று போட்டது எல்லாம் அங்கே பதிவாகியிருக்கிறது. கலைஞர் தன் டைரியைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்றே எனக்குத் தோன்றும். படிக்காமல் எப்படி இருப்பது?

இந்த முறை அக்கா மகளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். பொறியியல் படிக்கிறாள், வார நாட்களில் தூக்கமே இல்லையாம். "சித்தி, ஒரு மணி நேரம்தான்" என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். திருவான்மியூரைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கி உள்ளே நுழைந்தால், சாலையின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் கழன்று விழுகிறது. மரநிழலில் கருங்கல் சிற்பங்கள். பல நாட்டுச் சிற்பிகள் செதுக்கிய கற்கள், நம் ஊர் மண்ணில் கால் பதித்து நிற்கின்றன. அவள் போனை எடுத்தாள். "படம் அப்புறம் எடு, முதலில் பட்டறை" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

பட்டறைக்குள் எட்டிப் பார்க்கக் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். தகரக்கூரை போட்ட ஒரு கொட்டகை, தரையெல்லாம் செம்புத் துணுக்குகள், மூலையில் சிலிண்டர். வேலையில் இருந்த சிற்பி நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. கிட்ட வந்தே பாருங்க. கையை மட்டும் வெச்சிடாதீங்க, இன்னும் சூடு தணியலை."

அவர் கையில் தட்டையான செம்புத் தகடு. நெருப்பைக் காட்டுகிறார். அந்தச் சில நொடிகளை எப்படிச் சொல்வேன்! ஆரஞ்சு, ரோஜா, ஊதா, நீலம் என்று தகட்டின் மேல் நிறங்கள் ஓடுகின்றன. ஒன்றைக் கண்ணால் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. கடைசியில் மங்கிய சிவப்பு. அப்படியே தண்ணீரில் முக்குகிறார், சுரீர்! எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகும். செம்பு அப்படியில்லை. காய்ச்சிய செம்பு, முக்கினாலும் முக்காவிட்டாலும், இளகித்தான் போகும். ஆனால் சுத்தியல் பட்டுக்கொண்டே இருந்தால் மறுபடியும் விறைத்துக்கொள்ளும். அப்போது மறுபடியும் நெருப்பு, மறுபடியும் அடி. ஒரு சின்ன முகம் எழும்புவதற்குள் தகடு எத்தனை தடவை நெருப்புக்குள் போய் வருமோ!

இன்னொரு விஷயம் என்னைத் துள்ள வைத்தது. தகட்டில் உருவம் எழ வேண்டுமானால் அடி விழ வேண்டியது பின்பக்கத்தில். தகட்டைக் குப்புறப் போட்டு, அடியில் இடம்கொடுக்கும் ஒரு படுக்கை அமைத்து, மழுங்கிய உளிகளால் தட்டித் தட்டித்தான் மறுபுறம் உருவத்தைப் புடைக்க வைக்கிறார்கள். குங்கிலியமும் செங்கல்பொடியும் எண்ணெயும் காய்ச்சிச் சேர்த்த அரக்குதான் நம் பக்கத்துக் கன்னார்களின் பழைய படுக்கை. அப்புறம் திருப்பிப் போட்டு, முன்பக்கத்தில் கோடுகளைக் கூர்மையாக்குவார்கள். பார்ப்பவருக்கான முகத்தைக் கலைஞர் முதுகிலிருந்துதான் உண்டாக்குகிறார்!

நம் கோயில்களில் மூலவருக்குச் சார்த்துகிற வெள்ளிக் கவசம், செப்புக் கவசம் எல்லாம் இந்த வேலைதானே? அதை உற்றுப் பார்த்து வளர்ந்தவர்தான் சென்னைக் கலைக் கல்லூரி வழிவந்த பி.வி.ஜானகிராம். கவசம் முன்னாலிருந்து பார்ப்பதற்கென்றே செய்யப்படுவது. அந்த ஒரு பக்க அழகை எடுத்து நவீனச் சிற்பமாக்கினார் அவர். இந்தக் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கரின் மகன் எஸ்.நந்தகோபால் அதே பாதையில் வேறு தூரத்துக்குப் போனார். செம்பையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்து மயிலும் கருடனும் கொடியும் பின்னிப் பிணைய ஆளுயரத்துக்கு நிறுத்தினார். நம் ஊர் நடுகற்கள் நினைவில் எழ, அவற்றையொட்டியும் சிற்பங்கள் செய்தார். 2017இல் மறையும் வரை இந்தக் கிராமத்தின் பொறுப்புகளையும் அவர் தோளில் சுமந்தார். உலகம் சிற்பத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சென்னைச் சிற்பிகள் சாமி சந்நிதியில் நிற்கிற மாதிரி எதிரே நின்று பாருங்கள் என்றார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

சரி, இந்த இடமே எப்படி வந்தது? கேட்டால் இன்னும் குஷியாகிவிடுவீர்கள்.

கே.சி.எஸ்.பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக 1957இல் பொறுப்பேற்றவர். அந்தக் கல்லூரியே 1850இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர் தொடங்கிய தொழில்கலைப் பள்ளிதான். உலோகம், மரம், மண், துணி எல்லா வேலையும் ஒரே வளாகத்துக்குள் நடந்தது. பணிக்கருக்கு ஒரு கவலை தீரவே இல்லை. பிரமாதமாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் என்ன ஆகிறார்கள்? விளம்பரக் கம்பெனிக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் ஆகிறார்கள், தூரிகை பரணுக்குப் போகிறது. அப்போது சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க யார் இருந்தார்கள்?

ஓவியம் விற்காது. ஆனால் கைவினை விற்கும்! 1960களின் தொடக்கத்தில் மாணவர்களும் ஆசிரியர்கள் சிலரும் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். மெழுகால் மறைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம் என்று செய்தார்கள், கண்காட்சி வைத்தார்கள். பாத்திக் அமோகமாகப் போனது. அந்தப் பணத்தைப் பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் சேர்த்து வைத்து ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள்! 1966இல் சோழமண்டலம் பிறந்தது. அரசு மானியமாகக் கொடுத்த இடமில்லை, ஜமீன்தார் தானம் கொடுத்ததும் இல்லை. மெழுகும் சாயமும் வாங்கிக் கொடுத்த மண்!

அன்றைக்கு அங்கே மணலும் சவுக்கும்தான். ஓலைக் குடிசை போட்டுக் குடியேறினார்கள். எனக்கு அந்த முதல் ஆண்டுகளை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. அங்கே இருந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஜே.சுல்தான் அலி, எஸ்.ஜி.வாசுதேவ், கே.வி.ஹரிதாசன், வேலு விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன், எம்.சேனாதிபதி, பி.கோபிநாத், ஜெயபால பணிக்கர், பி.எஸ்.நந்தன்... இவர்களில் விஸ்வநாதனும் அக்கித்தமும் பின்னால் பாரிஸ் போனார்கள், வாசுதேவ் பெங்களூர் போனார். பிழைப்புக்குக் கைவேலை, மிச்ச நேரமெல்லாம் தன் ஓவியம். பாரதி பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கமும் கட்டினார்கள். மாடர்ன் ஆர்ட் என்றால் மாநகரத்து மாடி வீட்டுச் சமாசாரம் என்று நினைத்திருந்த காலத்தில், மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில் அது குடும்பம் நடத்தியது.

இப்போது பாத்திக்குக்கு வருகிறேன். இதை விவரமாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பாத்திக் போடுவதை ஒரு தோழியின் மொட்டைமாடியில் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். அதை வைத்துத்தான் சோழமண்டலத்து ஆரம்ப நாட்களை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. அடுப்பில் சின்னச் சட்டி, அதில் மெழுகு. சாதாரண பாரஃபின் மெழுகும் தேன்மெழுகும் கலந்தது. இந்தக் கலவையில்தான் சூட்சுமமே! பாரஃபின் மொறுமொறுப்பானது, ஆறியதும் கசக்கினால் விரிசல் விடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், விரிசல் விடாது. பாத்திக்கின் அடையாளமான அந்தச் சிலந்திவலைக் கோடுகள் வேண்டுமா, பாரஃபினைக் கூட்டு. சுத்தமான கோடு வேண்டுமா, தேன்மெழுகைக் கூட்டு. விரிசல் எவ்வளவு வர வேண்டும் என்பதை அடுப்பங்கரையிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

தூரிகையைச் சூடான மெழுகில் தோய்த்து, சட்டென்று துணியில் இழுக்க வேண்டும். தயங்கினால் மெழுகு ஆறிவிடும், துணிக்குள் இறங்காது. நன்றாக இறங்கியதா என்று தெரிந்துகொள்ள என்ன செய்வார்கள் தெரியுமா? துணியைப் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார்கள்! மறுபுறமும் ஈரமாய்ப் பளபளத்தால் சரி, வெளிறித் தெரிந்தால் அங்கே சாயம் புகுந்துவிடும்.

சாயம் சூடாக இருக்கக் கூடாது, மெழுகு உருகிவிடுமே! அதனால் பச்சைத் தண்ணீரில் ஏறுகிற சாயம் வேண்டும். நம் ஊரில் பாத்திக் போடுகிறவர்கள் பலர் கையாள்வது நாப்தால். முதல் வாளியில் நாப்தால் கரைசல். அதில் நனைத்து எடுத்தால் துணி வெளிறிய மஞ்சளாக, ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அடுத்த வாளியில் உப்பு என்று அவர்கள் சொல்கிற இன்னொரு ரசாயனக் கரைசல். துணி அதைத் தொட்ட கணமே, படீரென்று சிவப்பு! ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டதும் குப்பென்று சிவக்குமே, அதே மாயம். முதல் தடவை பார்த்தபோது நான் கூவிவிட்டேன். தோழியின் மாமியார் என்னவோ ஏதோவென்று மாடிக்கே ஓடிவந்துவிட்டார்.

இளம் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போக வேண்டும். மஞ்சளாக நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடிவிட்டுச் சிவப்பில் முக்கு. சிவப்பாக நிற்க வேண்டியதை மூடிவிட்டுக் கறுப்பில் முக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் மெழுகு மேல் மெழுகு ஏறி, கடைசியில் துணி ஒரு கறுத்த பலகையாய் விறைத்து நிற்கும். அதன் கீழே படம் எப்படி இருக்கிறதென்று போட்டவருக்கும் முழுசாய்த் தெரியாது. கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள். மெழுகு உருகி மேலே மிதக்கிறது. துணியை மெல்லத் தூக்கினால், அம்மாடி, உள்ளேயிருந்து ஒரு தேரோட்டமே வெளியே வருகிறது!

இதை ஓவியக் கலைஞன் செய்தால் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். கோடு போட்டுப் பழகிய கைக்கு இங்கே அழிப்பான் கிடையாது. தயங்க நேரம் கிடையாது. பின்னால் என்ன வரும் என்பதை முன்னாலேயே மனசுக்குள் பார்க்க வேண்டும். சோழமண்டலத்துக் கலைஞர்களின் ஓவியங்களில் அந்தத் தட்டையான தளமும், அலங்காரமாய் ஓடுகிற கோடும், திட்டவட்டமான எல்லைகளும் எங்கிருந்து வந்தன என்று விமர்சகர்கள் எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். நாட்டார் கலை, கோயில் சிற்பம், பனையோலை எழுத்து என்று. எல்லாம் சரிதான். மெழுகுச் சட்டிக்கும் அதில் பங்கு உண்டென்று நான் அடித்துச் சொல்வேன். கைவேலை இவர்களுக்குச் சோறு போட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அது கையையும் பழக்கியிருக்கிறது, கண்ணையும் பழக்கியிருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய ஜோசப் ஜேம்ஸ்தான் இந்தக் கிராமத்தின் கலைக்கும் நெருக்கமான விமர்சகராக இருந்தார் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சியான செய்தி. சோற்றையும் கலையையும் ஒரே கண்ணால் பார்க்கத் தெரிந்தவர் வேண்டுமே!

அருங்காட்சியகத்துக்குள் போனோம். 2009இல் திறந்த சோழமண்டல் தற்காலக் கலை மையத்தில் பணிக்கரையும் அந்தக் கல்லூரியையும் சுற்றி வளர்ந்த சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளை ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை எனக்கு உயிர். 1963 வாக்கில் தொடங்கி 1977இல் மறையும் வரை அவர் விடாமல் வரைந்தது. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டங்கள், மலையாள எழுத்தோ என்று மயங்க வைக்கும் வரிவரியான கிறுக்கல்கள், நடுவே ஒரு பறவை, ஒரு மீன். எதையும் படிக்க முடியாது, ஆனால் படிக்கச் சொல்லிக் கண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்! பக்கத்தில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏழாம் இடத்துல என்ன இருக்குன்னு தெரியலையே" என்று முணுமுணுத்தார். அவர் மனைவி, "லக்னம் எங்கேன்னு முதல்ல பாருங்க" என்றார். ஓவியத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்ற தம்பதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பணிக்கர் இருந்திருந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார்!

கே.ராமானுஜத்தின் மைக்கோட்டுப் படங்கள் முன்னால் நானும் நின்றுவிட்டேன். 1941இல் பிறந்து 1973இல் போய்விட்ட மனிதர். பேனாவின் நுனியால் எத்தனை ஆயிரம் கீறல்! மாளிகைகள், பாம்புகள், இறக்கை முளைத்த பிராணிகள், அவற்றின் நடுவே தொப்பி வைத்த ஒருவர். அந்தத் தொப்பிக்காரர் அவரேதான். வெளியுலகில் அவருக்குப் பேச்சும் பழக்கமும் சுலபமாக வரவில்லை. பணிக்கர் அவரைக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார், இந்தக் கிராமமும் இடம் கொடுத்தது. கண்ணாடிக்கு வெகு கிட்டப் போய்ப் பாருங்கள். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழவில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததை இடிக்காமல் ஒதுங்கி வழிவிட்டுப் போகிறது.

அக்கா மகள் இதற்குள் விற்பனைக் கூடத்துக்குப் போய்விட்டாள். இங்கே வசிக்கும் கலைஞர்களின் ஓவியம், சிற்பம், சின்னச் சின்னக் கைவேலைகள். பெரிய படங்களின் விலை என் கைக்கு எட்டாது, அதில் வருத்தமும் இல்லை. சங்கம் இன்னும் கூட்டுறவாகத்தான் நடக்கிறது. கலைஞர்களுக்குச் சொந்த மனை, சொந்த வீடு. காட்சிக்கூடமும் அரங்கமும் எல்லாருக்கும் பொது. விற்பனையில் ஒரு பங்கு பொதுச் செலவுக்குப் போகிறது. அறுபது ஆண்டுகளாகக் கலைஞர்கள் ஒரு சங்கத்தைச் சண்டையும் சமாதானமுமாக உடையாமல் நடத்துவது சாமானிய காரியமா? கலைஞர்களை வைத்து ஒரு நவராத்திரிக் கொலு நடத்திப் பாருங்கள், தெரியும்!

வீடுகள் இருக்கிற தெருவில் நடக்கும்போது மட்டும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். அவை மனிதர்கள் வாழும் வீடுகள். கதவு திறந்திருந்தால் கேட்டுவிட்டுப் போகலாம், சாத்தியிருந்தால் விட்டுவிடலாம். பட்டறையில் அந்தச் சிற்பி எங்களை உள்ளே விட்டதற்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு மணி நேரம்தான்" என்று வந்தவள் மூடும் நேரம் வரை நகரவில்லை. நான் சொன்ன பாத்திக் கதை அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டது, பஸ் ஸ்டாப்பில் நின்றபோதும் கேள்விதான். "சித்தி, அந்த ரெண்டாவது வாளியில என்ன உப்பு? கறி உப்பா?"

"இல்லடி, சாயக் கடையில கேட்டாத்தான் கொடுப்பாங்க. பாரிமுனைப் பக்கம் போகணும். கையுறை இல்லாம தொடக் கூடாது."

"மெழுகு?"

"பாரஃபின் அங்கேயே கிடைக்கும். தேன்மெழுகு காதி கடையில கேட்டுப் பார்க்கலாம்."

"விரிசல் நிறைய வேணும் எனக்கு. அப்போ பாரஃபின் ஜாஸ்தி, இல்லையா?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் என் அக்காவுக்கு போன் போட்டுவிட்டாள். "அம்மா, பழைய வெள்ளை வேட்டி ஏதாவது இருக்கா? அப்பாவைக் கேட்காத, நீயே எடுத்து வை!"